தரைத்தள வீட்டை வெள்ளத்துக்கு எப்படித் தயார் செய்வது?

கேள்வி: மடிப்பாக்கத்தில் சொந்த வீடு. தரைத்தளத்தில் நாங்கள், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். 2023 மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் ஒன்றரை அடி தண்ணீர் வந்து பல நாள் நின்றது. அம்மாவுக்கு 78 வயது, நடக்கச் சிரமப்படுவார். குழந்தைக்கு மூன்று வயது. இந்த முறை தண்ணீர் உள்ளே வராமல் இருக்க எத்தனை மணல் மூட்டை வாங்கி வைக்க வேண்டும்? வேறு என்ன செய்யலாம்?

பதில்:

மணல் மூட்டைக்குக் கடைசியில் வருகிறேன். தென்சென்னையில் வீடு கட்டுவதும் பழுதுபார்ப்பதும்தான் என் தொழில். வெள்ளம் வடிந்த பிறகு சேறு வழிக்கிற வீடுகளுக்குள் நிறையப் போயிருக்கிறேன். தண்ணீரை வாசலில் தடுப்பது பற்றி மட்டுமே யோசித்த வீடுகளில்தான் நஷ்டம் அதிகமாக இருக்கும். ஓரடித் தண்ணீரைத் தடுக்கலாம். அதற்கு மேல் வந்தால் உள்ளே விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் அது கெடுக்கிற உயரத்தில் ஒரு பொருளும் இருக்கக்கூடாது, அது வருவதற்குள் அம்மாவும் குழந்தையும் அங்கே இருக்கக்கூடாது. முழு ஏற்பாடும் இந்த இரண்டுக்காகத்தான்.

முதலில் உங்கள் தெருவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எல்லா வெள்ளமும் ஒரே மாதிரி வருவதில்லை. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தபோது, அடையாற்றின் கரையில் இருந்தவர்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டியிருந்தது. ஆற்று வெள்ளம் அப்படித்தான், சில மணி நேரத்தில் ஆள் உயரத்துக்கு வந்துவிடும். மடிப்பாக்கம் வேறு ரகம். கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் உங்கள் பக்கமாகத்தான் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போகிறது. சதுப்புநிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், அங்கிருந்து முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். இந்தப் பாதை முழுக்க நெருக்கடி. புயல் நேரத்தில் கடலும் மேலேறி நிற்பதால் தண்ணீரை உள்வாங்காது. அதனால் உங்கள் பகுதியில் தண்ணீர் பாய்ந்து வருவதில்லை, மெல்ல ஏறுகிறது. ஏறிய பிறகு இறங்குவதே இல்லை. மழை நின்று வெயில் அடிக்கும், வீட்டுக்குள் தண்ணீர் அப்படியே நிற்கும். 2023-இல் நீங்கள் பார்த்தது இதைத்தான்.

இதனால் உங்களுக்கு ஒரு சாதகமும் ஒரு பாதகமும் உண்டு. சாதகம், தயாராக அரை நாளாவது கிடைக்கும். பாதகம், ஒரு ராத்திரி சமாளித்தால் போதும் என்று போடுகிற திட்டம் உதவாது. நாலைந்து நாள் கரண்ட் இல்லாமல், கக்கூஸ் இல்லாமல், பால் இல்லாமல் இருக்க நேரும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அடுத்தது அளவு. இதை வருகிற ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடலாம். 2015-இலும் 2023-இலும் தண்ணீர் நின்ற கறை உங்கள் காம்பவுண்டு சுவரிலோ பக்கத்து வீட்டுச் சுவரிலோ இன்னும் இருக்கும். பெயின்ட் அடித்திருந்தால் தெருவில் வெகுநாளாக இருப்பவர்களைக் கேளுங்கள், இடுப்புக்குக் கை வைத்துக் காட்டுவார்கள். இரண்டில் எது உயரமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். கொத்தனாரிடம் டியூப் லெவல் இருக்கும், தண்ணீர் நிரப்பிய கண்ணாடி மாதிரித் தெரிகிற குழாய். அதன் ஒரு முனையை வெளியே கறையிடம் பிடித்து, மறுமுனையை வீட்டுக்குள் கொண்டுவந்து, தண்ணீர் நிற்கிற இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. அந்தக் கோட்டுக்கு ஓரடி மேலே இன்னொரு கோடு. இனி இந்த மேல்கோடுதான் உங்கள் வீட்டின் எல்லை. மழைக்காலத்தில் எது அதற்குக் கீழே இருக்கலாம், எது கூடாது என்று பொருள் பொருளாக முடிவு செய்யுங்கள். நான் போகிற வீடுகளில் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். கோடு போட்ட பிறகு வீட்டிலுள்ளவர்கள் தாங்களாகவே "ஐயோ, பிளக் பாயிண்டெல்லாம் கீழே இருக்கிறதே" என்று சொல்ல ஆரம்பிப்பார்கள்.

ஓரடி ஏன் கூட்ட வேண்டும் என்றால், ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு, சாலை வீடுகளைவிட உயர்ந்துவிட்ட தெருக்கள் ஏராளம். 2015-இல் வாசலோடு நின்ற தண்ணீர் இன்று அதே மழைக்கு உள்ளே வரும். உங்கள் தெருவிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பலர் கவனிக்காத வழிக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் தண்ணீர் முதலில் எங்கே தெரிந்தது என்று வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள். வாசலில் என்று சொல்பவர்கள் குறைவு. பாத்ரூமில் என்பார்கள். தெருவில் பாதாளச் சாக்கடை நிரம்பியதும் மேன்ஹோலில் இருக்கிற தண்ணீர் உங்கள் வீட்டுக் குழாய் வழியாகவே திரும்பி வரும். குளிக்கிற இடத்து ஜல்லடையில் களக் களக்கென்று குமிழி விடும், கக்கூஸ் கோப்பையில் தண்ணீர் மேலேறி நிற்கும். அப்போது வாசல்படி உலர்ந்தே இருக்கலாம். வாசலில் மூட்டை அடுக்கிவிட்டு பாத்ரூமை மறந்தவர்கள், சாக்கடைத் தண்ணீரை வீட்டுக்குள் பிடித்துத் தேக்கி வைத்தவர்களாகிவிடுகிறார்கள்.

நிரந்தரத் தீர்வு, வீட்டிலிருந்து தெருவுக்குப் போகிற கழிவுக் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வைப்பது. தண்ணீர் வெளியே போகும், திரும்பி வராது. பிளம்பருக்குத் தெரிந்த சாமான்தான். ஆனால் மாடியில் குடித்தனம் இருக்கிற உங்களைப் போன்ற வீட்டில் அதை எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். மாடிக் குழாயும் தரைத்தளக் குழாயும் சேர்ந்த பிறகு, தெருப்பக்கமாக வால்வு வைத்தால் என்ன ஆகும்? தெருவில் தண்ணீர் அழுத்தும்போது வால்வு மூடிக்கொள்ளும். மாடியில் அவர்கள் ஃபிளஷ் செய்வது தெருவுக்குப் போக முடியாமல் உங்கள் பாத்ரூமில் ஏறும். ஆகவே இரண்டும் சேர்வதற்கு முன்னால், தரைத்தளக் குழாயில் மட்டும் வால்வு வர வேண்டும். சேம்பரை, அதாவது கழிவுக் குழாய்கள் வந்து சேர்கிற குழியை, திறந்து எந்தக் குழாய் எங்கே சேர்கிறது என்று பிளம்பர் உங்களுக்குக் காட்டிய பிறகு வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன் வால்வைத் திறந்து சுத்தம் செய்யவும் வேண்டும். ஒரு துணியோ நாப்கினோ சிக்கினால் அது மூடாது.

இந்த வருஷம் அந்த வேலை முடியவில்லை என்றால், தரை ஜல்லடைகளுக்கு ரப்பர் பிளக் வாங்கி வையுங்கள். திருகினால் ரப்பர் விரிந்து குழாயை இறுக்கிக்கொள்ளும். கக்கூஸ் கோப்பைக்குள், கெட்டியான பாலித்தீன் பையில் மணல் நிரப்பிக் கயிறு கட்டி இறக்கிவிடலாம். பிறகு கயிற்றைப் பிடித்து இழுத்து எடுத்துவிடலாம். அடைத்த பிறகு பாத்ரூமைப் பயன்படுத்த முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள். மூடியுள்ள ஒரு பக்கெட்டும், உள்ளே போடக் குப்பைப் பைகளும், கொஞ்சம் மரத்தூள் அல்லது சாம்பலும் எடுத்து வையுங்கள். பேசக் கூச்சமான விஷயம்தான். ஆனால் வயதானவர்களும் பெண்களும் வெள்ளத்தில் தண்ணீரே குடிக்காமல் கிடப்பது இதனால்தான், அதனாலேயே அவர்கள் உடம்பு கெடுகிறது.

கரண்ட் விஷயத்தில் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். தண்ணீரைவிட அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். தரைத்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி எம்.சி.பி. (மெயின் பெட்டியில் இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இருந்தால் கீழே அணைத்துவிட்டு மாடியில் விளக்கு எரியவிடலாம். ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் இந்த மழைக்கு முன் கட்டாயம் போட்டுவிடுங்கள், மின்கசிவு ஏற்பட்ட நொடியில் அது இணைப்பைத் துண்டித்துவிடும். கோட்டுக்குக் கீழே இருக்கிற பிளக் பாயிண்டுகளை நாலடிக்கு மேலே ஏற்றலாம். ஒரு நாள் வேலை, சுவரில் காடி எடுக்கிற தூசிதான் தொந்தரவு.

பெரும்பாலும் மறந்துபோவது இன்வெர்ட்டர். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் மெயினை அணைத்ததும் இன்வெர்ட்டர் 'கரண்ட் போய்விட்டது' என்று எடுத்துக்கொண்டு தானாகவே வீட்டுக்கு 230 வோல்ட் கொடுக்க ஆரம்பிக்கும். தண்ணீருக்குள் முழுகப்போகிற பிளக்குகளிலும் அது ஓடும். எனவே மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும், முடிந்தால் பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். பேட்டரி பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழே தரையில்தான் உட்கார்ந்திருக்கும். சுவரில் இரும்புக் கோணம் அடித்துக் கோட்டுக்கு மேலே ஏற்றிவிடுங்கள். பேட்டரி கனமானது, தண்ணீர் வருகிற நேரத்தில் தூக்க முடியாது.

உள்ளே தண்ணீர் வந்த பிறகுதான் மெயின் ஞாபகம் வருகிறது, அந்தப் பெட்டிக்குப் போகத் தண்ணீரில் நடக்க வேண்டும் என்றால் போகாதீர்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்கு அழைத்துத் தெருவுக்கே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். தெருவில் தேங்கிய தண்ணீரில் அறுந்த கம்பி கிடக்கலாம், தெருவோரம் நிற்கிற மின்பெட்டி, அதாவது பில்லர் பாக்ஸ் பக்கம் போகவே வேண்டாம்.

சாமான்களில் எதை எப்படி ஏற்றுவது என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் எடையுள்ள பொருள் மிதக்காது என்று நினைத்துவிடாதீர்கள். ஃபிரிட்ஜ் உள்ளே காற்றோடு அடைத்த பெட்டி, ஓரடி ஒன்றரை அடித் தண்ணீரிலேயே மிதந்து சாய்ந்துவிடும். அதை ஸ்டாண்டில் ஏற்றினால் மட்டும் போதாது, சுவரில் ஒரு கொக்கி அடித்துக் கயிற்றால் கட்டுங்கள். கேஸ் சிலிண்டர் நிறைந்திருந்தாலும் மிதக்கும். மிதந்தால் டியூபை இழுத்துப் பிடுங்கிவிடும். ரெகுலேட்டரைக் கழற்றி, பாதுகாப்பு மூடியைப் போட்டு, சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு கட்டி வையுங்கள். மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டவர்கள் ஏஜென்சியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பீரோவில் கீழ்த்தட்டைக் காலி செய்துவிடுங்கள். பட்டுப் புடவையும் பழைய ஆல்பமும் எல்லா வீட்டிலும் அங்கேதான் இருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு பீரோ துருப்பிடித்துத் திறக்காமல் கட்டர் வைத்து அறுத்த வீடுகள் உண்டு. ஆகவே கோட்டுக்குக் கீழே பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது. பிளைவுட் அலமாரிகள், மாடுலர் கிச்சனின் கீழ்ப்பகுதி எல்லாம் ஊறி உப்பிவிடும், காப்பாற்ற வழியில்லை. அடுத்த முறை மாற்றும்போது கீழே கடப்பாக்கல் தட்டும் அலுமினியக் கதவும் போடுங்கள். அழகு கொஞ்சம் குறையும், ஆனால் கழுவிவிட்டு மறுநாளே சமைக்கலாம். மெத்தையைப் பரணில் ஏற்ற முடியாது. மாடிக் குடித்தனக்காரரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: மெத்தை இரண்டு, மிக்ஸி, கிரைண்டர், டி.வி., அரிசி டிரம், இவற்றுக்கு அவர்கள் ஹாலில் ஒரு மூலை. அவர்கள் ஊருக்குப் போயிருந்தால் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் கேளுங்கள்.

சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின் வாய், உங்கள் வீட்டில் தரைக்குச் சமமாக இருக்கிறதா? அப்படியென்றால் முதலில் அழுக்காவது அதுதான். சம்பின் வாயைச் சுற்றிச் செங்கல் வைத்துக் கோடு வரைக்கும் கழுத்து கட்டி மூடி போடுவது சின்ன வேலை. அதற்கு நேரமில்லையென்றால் மூடியின் விளிம்பைக் களிமண்ணோ சிமெண்டோ வைத்து அடைக்கலாம், கொஞ்சம் கசிவு இருக்கத்தான் செய்யும். மழை எச்சரிக்கை வந்த அன்றே மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள். கரண்ட் போன பிறகு அதுதான் உங்களுக்கும் மாடிக்காரர்களுக்கும் தண்ணீர். நிரப்பியதும் சம்பிலிருந்து மேலே போகிற கேட் வால்வை மூடுங்கள். சம்பைக் காலியாக விடாதீர்கள். பிளாஸ்டிக் தொட்டியைப் புதைத்திருந்தால், காலியாக இருக்கும்போது நிலத்தடி நீர் அதை மேலே தூக்கிவிடும். மோட்டார் கீழே இருந்தால் நாலு போல்ட்டைக் கழற்றி மேலே எடுத்து வைக்கலாம், ஸ்பேனரை அங்கேயே தொங்கவிட்டு வையுங்கள்.

காகிதங்கள். கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், மதிப்பெண் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், இன்சூரன்ஸ், அம்மாவின் மருத்துவக் கோப்பு. இவையெல்லாம் ஒரே பையில், ஜிப் வைத்த பாலித்தீன் உறைகளுக்குள், கையில் எடுத்துக்கொண்டு கிளம்புகிற மாதிரி இருக்க வேண்டும். ஐப்பசி பிறந்ததிலிருந்து தை வரை அந்தப் பை பீரோவுக்குள் போகக்கூடாது, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கட்டும். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வெளியூரில் இருக்கிற ஒரு சொந்தக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். பட்டாவை இணையத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம், ஆதாரும் கிடைத்துவிடும். அசல் பத்திரமும் மதிப்பெண் சான்றிதழும்தான் அலைய வைக்கும். அதையும் மீறி நனைந்துவிட்டால் ஒட்டிய தாளைப் பிரிக்காதீர்கள். பாலித்தீனில் சுற்றி, கரண்ட் இருக்கிற வீட்டு ஃபிரீசரில் வைத்துவிட்டால் பூஞ்சை பிடிக்காது, பிறகு நிதானமாக உலர்த்தலாம்.

இனி ஆட்கள். அம்மாவையும் குழந்தையையும் எப்போது அனுப்புவது என்பதை மழை பெய்கிற அன்று முடிவு செய்யக்கூடாது. அன்று எல்லோரும் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்பார்கள். அம்மாவே "எனக்கு என்னப்பா, நான் கட்டில் மேலே உட்கார்ந்துக்கிறேன்" என்பார். இப்போதே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். வானிலை மையம் சென்னைக்கோ செங்கல்பட்டுக்கோ அதி கனமழை என்று சொன்னால், அதாவது 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல், அன்று மாலைக்குள் அவர்கள் இருவரும் மேட்டில் இருக்கிற உறவினர் வீட்டில் இருக்க வேண்டும். மழை ஏமாற்றிவிட்டால் இரண்டு நாள் விருந்தாளியாக இருந்துவிட்டு வரட்டும், நஷ்டமில்லை. 20 செ.மீ. மழை என்பது ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) நிலத்தில் மட்டும் சுமார் 44,000 லிட்டர், பெரிய தண்ணீர் லாரி கிட்டத்தட்ட நாலு. உங்கள் தெருவில் எத்தனை கிரவுண்டு என்று கணக்குப் போட்டால் அவசரம் புரியும்.

மாடிக்கே போய்விடலாமே என்று தோன்றும். நடமாட முடிகிற உங்களுக்கு அது சரி. ஆனால் நாலு நாள் சுற்றிலும் தண்ணீர் நிற்கையில் அம்மாவுக்கு மூச்சுத் திணறினாலோ குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ படகு வர வேண்டும். வெளியேறுவதென்றால் பகலிலேயே வெளியேறுங்கள். முழங்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் அம்மாவால் நிற்க முடியாது. மேன்ஹோல் மூடி கழன்றிருந்தால் கலங்கிய தண்ணீரில் உங்களுக்கும் தெரியாது. ஒரு நீளக் கம்பால் தட்டிப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும்.

அம்மாவின் மாத்திரை இரண்டு வாரத்துக்குக் கையில் இருக்கட்டும், சீட்டும் கூடவே. இன்சுலின் போடுகிறவர் என்றால் கரண்ட் இல்லாத நாட்களில் ஈர மண்பானைக்குள் ஒரு டப்பாவில் வைத்தால் போதும். பால்பவுடர், குழந்தைக்குப் பழகிய பிஸ்கட், ஓ.ஆர்.எஸ்., குடிதண்ணீர் கேன் இரண்டு மூன்று, சில்லறையாகக் கொஞ்சம் பணம். மிக்ஜாமின்போது பால் பாக்கெட்டுக்கு என்ன பாடுபட்டோம் என்று உங்களுக்கே தெரியும், செல்போன் கோபுரங்களும் பல இடங்களில் படுத்துவிட்டன. அதனால் முக்கியமான எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். மாநகராட்சி 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, அவசரம் 112, ஆம்புலன்ஸ் 108. அப்புறம், தெருவில் தனியாக இருக்கிற வயதானவர்கள் யார் யார் என்று நீங்களும் பக்கத்து வீட்டாரும் ஒருமுறை பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாய் இருந்தால் கட்டிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வண்டியை முதல் நாளே மேட்டில் நிறுத்துங்கள். 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றதைப் பார்த்திருப்பீர்கள். ஜனங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது அது. கார் தண்ணீரில் நின்றிருந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி ஆன பழுதைச் சாதாரண முழுக் காப்பீட்டிலும் பெரும்பாலும் தரமாட்டார்கள், எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். வெறும் தேர்டு பார்ட்டி காப்பீட்டில் வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசாவும் வராது. வீட்டுக்கு 2021 ஏப்ரலிலிருந்து 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் ஒரே மாதிரியான பாலிசி இருக்கிறது. வெள்ளம் அதில் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்தால் உள்ளே இருக்கிற சாமானுக்கும் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகச் சேரும். நம் ஊரில் காருக்கு எடுப்பவர்கள் வீட்டுக்கு எடுப்பதில்லை, அது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. மழைக்கு முன் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து வையுங்கள், பின்னால் கணக்குக் கொடுக்க உதவும்.

இப்போது மணல் மூட்டை. தண்ணீர் சுவரைத் தள்ளுகிற பலம் உயரத்தோடு நேராகக் கூடுவதில்லை. மூன்றடி அகலக் கதவில் ஓரடித் தண்ணீர் சுமார் 40 கிலோ அழுத்தம் கொடுக்கும். அதே கதவில் மூன்றடித் தண்ணீர் 380 கிலோ அழுத்தும். உயரம் மூன்று மடங்கானால் அழுத்தம் ஒன்பது மடங்கு. செங்கல் சுவர்கள் பக்கவாட்டில் இதைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. வெளியே மூன்றடி, உள்ளே காய்ந்த தரை என்று பிடிவாதமாகத் தடுத்தால் சுவரே போகலாம். காம்பவுண்டு சுவர் இன்னும் மோசம், அஸ்திவாரம் ஊறிவிட்டால் எந்தப் பக்கம் விழும் என்று தெரியாது. 2019 டிசம்பர் 2 அதிகாலை மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய சுற்றுச்சுவர் விழுந்து தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்துப்போனார்கள். உங்கள் காம்பவுண்டில் வெடிப்போ சாய்வோ இருந்தால் இப்போதே சரி செய்யுங்கள். அடியில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் விடுங்கள். மழையில் அதை ஒட்டி யாரும் படுக்க வேண்டாம்.

ஆகவே வாசல்களில் ஓரடி உயரத்துக்குத் தடுப்பு போதும். சாக்கை வாய்வரை நிரப்பாதீர்கள், பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரப்பினால்தான் படிந்து இடைவெளியை அடைக்கும். முதலில் தரையிலிருந்து கதவு வரை கனமான பாலித்தீன் விரிப்பு, அதன் மேல் மூட்டைகளைச் செங்கல் அடுக்குவது போல இணைப்பு மாறி மாறி, வாய் மடிப்பு அடியில் போகும்படி. அடியில் அகலம் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கட்டும். ஒரு வாசலுக்குப் பதினைந்து இருபது மூட்டை ஆகும். அதைவிட எளிது, நிலைப்படிக்கு வெளியே ஓரடி உயரத்துக்குச் செங்கல் வரப்பு கட்டி இரண்டு பக்கமும் பூசி, ஏறி இறங்க ஒரு படி வைத்துவிடுவது. அம்மாவுக்கு அது தடுக்கும் என்றால், இரண்டு பக்கமும் காடி வைத்து மழைக்கு மட்டும் செருகுகிற அலுமினியப் பலகை செய்யலாம், அடியில் ரப்பர் பட்டையோடு. தடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்தால் மூட்டையைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். மெயினும் இன்வெர்ட்டரும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கதவைத் திறந்துவிட்டு, மாடிக்குப் போய்விடுங்கள்.

வீட்டையே ஜாக்கி வைத்து மூன்று நாலு அடி தூக்குகிறார்களே, செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். செய்யலாம், சென்னையில் நிறைய வீடுகளுக்குச் செய்திருக்கிறார்கள். ஆனால் மாடியோடு கூடிய வீட்டுக்குச் செலவும் பொறுப்பும் அதிகம். அஸ்திவாரத்தையும் தூண்களையும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்து எழுத்தில் கொடுக்காமல் முன்பணம் தராதீர்கள். அதுவரை மேலே சொன்ன வால்வு, பிளக் பாயிண்ட், சம்பு கழுத்து இந்த மூன்றையும் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசியில் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் கிடைக்கமாட்டார்கள்.

தண்ணீர் வடிந்து திரும்பும்போது முதலில் படம் எடுங்கள், பிறகுதான் துடைப்பம். பாம்பு, பூரான் அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும், கையை விடாதீர்கள். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. இறங்கிய பிறகு காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் வெள்ளத்தில் நின்றதைச் சொல்லுங்கள். நனைந்த பிளக்கும் ஃபிரிட்ஜும் வெளியே உலர்ந்து தெரிந்தாலும் எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை சுவிட்ச் போடாதீர்கள். சம்பை முழுதாக இறைத்து, பிளீச்சிங் பவுடர் கரைசலால் சுவரைத் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். நிரப்பியதில் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து அரை மணி நேரம் விட்டுப் புழங்கலாம். குடிப்பதற்குக் கொஞ்ச நாள் காய்ச்சிய தண்ணீரே இருக்கட்டும். சம்புக்குள் ஆள் இறங்குவதென்றால் மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றாட விட்டு, மேலே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.